மூன்று புள்ளிப் பூச்சி

"அசையாதேங்கோ" என்றார் தில்லையம்பலம்.

மிளகாய் அள்ளிக்கொண்டிருந்த மருதப்பன் கை அந்தரத்தில் நின்றது. அவர் மூக்குக்கு நேரே அரிசி அளவு அந்துப்பூச்சி ஒன்று பறந்தது.

தில்லையம்பலம் செம்பவாங் கடற்படைத் தளத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. சனிக்கிழமை சாமான் வாங்க வருபவர். எந்த வெயிலிலும் கம்பளிக் கோட்டைக் கழற்றமாட்டார். பூச்சி பிடிப்பது அவருடைய பைத்தியம். பிடித்ததைத் தீப்பெட்டிக்குள் போட்டுப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். சாம்பல் இறக்கை, மூன்று கறுப்புப் புள்ளி. இதுவரை தம் ஆபீசிலும் தாம் முடிவெட்டிக்கொள்ளும் ஜாலான் புசார் சலூனிலும் மட்டுமே கண்ட இனமாம்.

"மியூசியத்துக்கு எழுதப்போறன். கண்ட இடம், மருதப்பன் மளிகைக் கடை."

மருதப்பன் கையிலிருந்த மிளகாயை மூட்டையிலேயே போட்டார். துறைமுகத்தில் முதுகு தேய மூட்டை தூக்கி வைத்த கடை. பூச்சிக் கடை என்று அச்சில் வந்தால் எவள் பருப்பு வாங்குவாள்? சுகாதார அதிகாரி பூட்டோடு வந்து நிற்பார்.

"ஐயா, அது எதிர்த்த ஹனீபா தையக்கடைப் பூச்சி லா. துணி இருக்கிற இடம். வழி தவறி வந்திருக்கு."

தில்லையம்பலம் உடனே எதிர்க்கடைக்குப் போய்த் துணிகளையெல்லாம் புரட்டினார். அங்கேயும் ஒன்று அகப்பட்டது. மருதப்பன் மூச்சு விடுவதற்குள் ஹனீபா கழுத்தில் அளவு நாடாவோடு வந்துவிட்டார்.

"உன் மிளகாய்ப் பூச்சிய என் கடைக்கு ஏவி விட்டியா? இன்னிக்கு வரைக்கும் அங்க ஒரு கொசு உண்டா?"

தெரு முழுக்கக் கேட்டது. பருப்புக்குப் பை நீட்டிய ரபியா பையை மடித்துக்கொண்டு போனாள்.

கடையைச் சுத்தமாக்கிக் காட்டிவிடலாம் என்று மருதப்பன் சட்டி நிறையச் சாம்பிராணி போட்டார். பொறி தெறித்து மிளகாய் மூட்டையில் விழுந்தது. சிராங்கூன் ரோடே இருமியது. பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிய டிரைவர் தமக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் திட்டினார். மருதப்பன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியதில் சர்க்கரை மூட்டை கரைந்து ஓடியது.

தில்லையம்பலத்துக்கு மட்டும் தும்மலுக்கு நடுவிலும் சந்தோஷம். தம் கோட்டுக் காலரில் ஒட்டியிருந்த இன்னொரு பூச்சியைக் காட்டினார்.

"புகைக்கும் சாகேல்லை. பாவம், என்னட்டைத் தஞ்சம் வந்திருக்கு."

கணவர் தில்லையம்பலத்தைத் தேடிக் குடையோடு இருமிக்கொண்டு வந்தார் சிவகாமசுந்தரி. மருதப்பன் நனைந்த வேட்டியோடு கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, என் கடைப் பேரை மட்டும் எழுத வேணாம்னு உங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லுங்க."

அந்த அம்மாள் தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"உந்தக் கோட்டை ஒருக்கா வெயிலிலை உதறுங்கோ எண்டு கலியாணம் கட்டின நாள் தொட்டுச் சொல்லுறன்."