எங்கே ஒழுகுது?

"சார், ஆடாம அசையாம இருங்கன்னு சொன்னேன்ல? பல்ஸ் நூத்திப்பத்து ஓடுது!"

ஒலிபெருக்கியில் டெக்னீஷியன் பெண் கத்தினாள். ஸ்கேன் குழலுக்குள் படுத்திருந்த பிளம்பர் விரலைக்கூட அசைக்கவில்லை. அசைந்தது அவர் இதயம்தான். அதற்கு அவர் என்ன செய்வார், பாவம்!

முப்பது வருஷமாக ஊரார் வீட்டு ஒழுகலையெல்லாம் அடைத்தவர். அவருடைய இதய வால்வே ஒழுகுகிறது என்று போன வாரம் சொல்லிவிட்டார்கள். கொஞ்சம் ஒழுகினால் மாத்திரை போதும். நிறைய ஒழுகினால் நெஞ்சைத் திறக்க வேண்டும். எவ்வளவு என்று அளக்கத்தான் இந்த ஸ்கேன். "எந்த ஆஸ்பத்திரிக்கு வேணா வரேன், அங்க மட்டும் வேண்டாம்" என்று அடம்பிடித்தவரை மனைவிதான் இங்கே இழுத்துவந்திருந்தாள். பயப்படுகிறார் என்று நினைத்தாள்.

"ஏம்மா, திறக்காமலே எப்படி அளப்பீங்க?"

"ரத்தம் எவ்வளவு முன்னாடி போகுது, எவ்வளவு பின்னாடி திரும்புதுன்னு மிஷின் பார்த்துடும் சார். துடிப்பு சீரா இருந்தாத்தான் கணக்கு சரியா வரும்."

"அட, வாட்டர் மீட்டர்!"

அவருக்கு ஒரே சந்தோஷம். துடிப்பு எண்பதுக்கு இறங்கியது. இயந்திரம் டமடமவென்று இடித்துவிட்டு ஓய்ந்தது. அந்த இடைவெளியில் தரைக்கு அடியிலிருந்து ஏதோ கேட்டது. ஸ்ஸ்... ஸ்ஸ்...

"அம்மா, கீழ என்ன இருக்கு?"

"மிஷினைக் குளிர வைக்கிற தண்ணிக் குழாய் சார். அதையெல்லாம் கண்டுக்காதீங்க. ஐயோ, நூத்தி இருபது!"

அவரை அமைதிப்படுத்தப் பாட்டுப் போட்டாள். பாட்டைத் தாண்டிக் கேட்க அவர் காதைத் தீட்டிக்கொண்டார். நூற்று இருபத்தைந்து. சரி, மனைவி பேசினால் அடங்கும் என்று மைக்கை அவளிடம் கொடுத்தாள்.

"என்னங்க, மனசை லேசா வச்சுக்கோங்க. நம்ம வீட்டுச் சமையலறைக் குழாய் மூணு மாசமா ஒழுகுதே, அதைப் பத்திக்கூட இப்ப நினைக்காதீங்க!"

நூற்று முப்பது.

டாக்டரே வந்துவிட்டார். "இப்படியே போனா படம் தேறாது. தொடை வழியா இதயத்துக்குள்ள குழாய் விட்டுத்தான் பார்க்கணும்" என்றார்.

நூற்று நாற்பது.

"டாக்டர், என்னை வெளியே எடுங்க! என்னை அப்புறம் பாருங்க, முதல்ல உங்க குழாய் ஒழுகுது!"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதே நேரம் இயந்திரம் பீப் பீப் என்று கத்தி, சூடேறி நின்றுவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் கீழ்த்தளத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர்!

பிளம்பர், முதுகுப்பக்கம் திறந்த ஆஸ்பத்திரி அங்கியோடு, ஸ்பேனர் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினார். "யாரும் கீழ வராதீங்க, வழுக்கும்" என்று தடுத்துவிட்டார். பத்தே நிமிஷம்தான். திரும்பி ஸ்பேனரோடு ஸ்கேன் அறைக்குள் நுழையப் போனவரை டெக்னீஷியன் வாசலிலேயே மறித்து அதைப் பிடுங்கினாள். இரும்பைக் கண்டால் அந்தக் காந்தம் விடாது.

இயந்திரம் குளிர்ந்து ஓடத் தொடங்கியதும் மறுபடி படுத்தார். துடிப்பு எழுபத்திரண்டு, குழந்தை மாதிரி. படங்கள் பளிச்சென்று விழுந்தன. நூற்றுக்கு எட்டுப் பங்குதான் பின்னால் திரும்புகிறது, மாத்திரை போதும் என்றார் டாக்டர். மனைவி அழுதே விட்டாள்.

டாக்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "படுத்தபடியே எங்க ஒழுகுதுன்னு சொல்லிட்டீங்களே! எப்படி?"

"எல்லாம் காதுப் பழக்கம்தான் டாக்டர்" என்றார் பிளம்பர், ரொம்ப அடக்கமாக.

அப்போதுதான் வேலைக்கு வந்த கீழ்த்தளக் காவலாளி, யார் இந்த ஆபத்பாந்தவன் என்று எட்டிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"அட, நீங்களா! போன மாசம் இந்தக் குழாயை மாட்டிட்டு, 'வாஷர் இல்லாமலே இருபது வருஷம் தாங்கும்'னு சொல்லிட்டுப் போனதும் நீங்கதானே!"