ஆறு பேர் இன்னும் வார்டில் இருக்கிறார்கள்

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

இல்லை, நான் விற்கவில்லை. பெயிண்ட் கம்பெனியையும் சோப்புக் கம்பெனியையும் பிஸ்கட் கம்பெனியையும் அம்மாதான் விற்றாள். விற்றாள் என்றுகூடச் சொல்லக் கூடாதாம். டிஸ்சார்ஜ் செய்தாளாம்.

மன்னிக்கவும். முதலில் நலம் விசாரித்திருக்க வேண்டும். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது, அத்தை சுகமா, மாடிக் குழாய் ஒழுகுவது நின்றதா. இங்கே நானும் அம்மாவும் நலம். பம்பு கம்பெனி மட்டும் கவலைக்கிடம்.

நீங்கள் போட்டுக்கொடுத்த திட்டம் எனக்கு மனப்பாடம். அம்மா ஓய்வுபெற்றபோது வந்த பணத்தைப் பதினொரு கம்பெனிகளில் பிரித்துப் போடுவது. ஒவ்வொன்றும் வருடாவருடம் டிவிடெண்ட் கொடுக்கிற கம்பெனி. பங்கைத் தொடக் கூடாது. அவர்கள் லாபத்திலிருந்து தருவதை மட்டும் எடுத்துச் செலவு செய்ய வேண்டும். பென்ஷன் சாப்பாட்டுக்கு, டிவிடெண்ட் வாடகைக்கு. வாடகை தேறிவிட்டால் நான் காப்பீட்டு ஆபீசில் படிவம் சரிபார்க்கிற வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருடமாகத் தள்ளிப்போடுகிற ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகலாம். இடம் கிடைத்துவிட்டது மாமா. மூன்றாவது முறை. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இனி விண்ணப்பிக்க வேண்டாம் என்று மிகவும் மரியாதையாக எழுதியிருக்கிறார்கள்.

திட்டத்தில் தப்பில்லை. ஒன்றை மட்டும் நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அம்மா முப்பத்து நாலு வருடம் வார்டு நர்ஸ்.

முதல் வாரமே கூடத்துச் சுவரில் பதினொரு ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் கிளிப் போட்ட ஓர் அட்டை, அட்டையின் தலையில் கம்பெனியின் பெயர், சேர்ந்த தேதி, சேரும்போது இருந்த விலை. காலையில் சந்தை திறந்ததும் ஒரு தடவை, மாலை மூன்றரைக்கு மூடியதும் ஒரு தடவை தரகருக்கு போன் போட்டு விலை கேட்டுக் குறிக்கிறாள், ஏறினால் நீலம், இறங்கினால் சிவப்பு. தரகருக்கு எந்நேரமும் சளி, அதனால் விலை சொல்லி முடித்ததும் அவர் போனில் இருமிக் காட்ட வேண்டும், அம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு மருந்து சொல்வாள், அவரும் சொன்ன வேளைக்குச் சாப்பிடுகிறார், அப்படிப்பட்ட மனிதர் அவளிடம் 'இதை விற்க வேண்டாம்மா' என்று எந்த வாயால் சொல்வார், நீங்களே சொல்லுங்கள்.

பெயிண்ட் கம்பெனி மூன்று மாதம் தொடர்ந்து நீலம். நான் சந்தோஷப்பட்டேன். ஒரு நாள் ஆபீசிலிருந்து வந்தால் ஆணி காலி. கேட்டேன்.

"தேறிட்டாங்க. இன்னும் எதுக்குப் பிடிச்சு வெச்சுக்கணும்?"

வருடத்துக்கு நாலு தடவை டிவிடெண்ட் கொடுத்தவர்கள் அம்மா, என்றேன். அதனால்தான் அனுப்பினேன் என்றாள். நன்றாக இருக்கிறவர்களை வார்டிலேயே வைத்திருந்தால் பக்கத்துக் கட்டிலின் சீக்கு ஒட்டிக்கொள்ளுமாம். அடுத்தது சோப்பு. பிறகு சிமெண்ட், கேபிள், பிஸ்கட். ஐந்து ஆணி காலி. போன வாரம் வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல், உள்ளே யாருக்கு உடம்பு சரியில்லை என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஆறு பேருக்கு என்றாள் அம்மா. அவர் வாசலிலேயே நின்று வாடகையை வாங்கிக்கொண்டு போனார்.

அந்த ஆறில் மோசம், பம்பு கம்பெனி. அட்டை முழுக்கச் சிவப்பு. இங்கேதான் எனக்கு மண்டை குழம்புகிறது மாமா. விலைக்கு எத்தனை சதவீதம் டிவிடெண்ட் என்று பார், அது அதிகமாக இருக்கிற கம்பெனியைத் தேடு என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். பம்பு கம்பெனிக்கு முதலில் நாலு சதவீதம். விலை இறங்கியது, ஆறு. இன்னும் இறங்கியது, பத்து. போன வருடம் கொடுத்ததை இன்றைய விலையால் வகுத்தால் அப்படித்தான் வரும், அது நல்ல அறிகுறி இல்லை என்று விளக்கினேன். அம்மா அட்டையைத் தடவிக்கொடுத்தாள்.

"பாரு, உடம்பு இளைக்க இளைக்கக் குடுக்கற மனசு பெருசாகுது."

நான் தர்க்கம் படித்தவள். இந்தப் பதில் தப்பு என்று தெரிகிறது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இன்னொன்று. பிஸ்கட் கம்பெனி போவதற்கு முன் பங்குக்கு மூன்று ரூபாய் கொடுத்தது. அன்று காலையே விலையில் மூன்று குறைந்தது. அப்படியானால் நமக்கு வந்தது எது? நம்முடையதே நம்மிடம் வந்ததா? வலது பையிலிருந்து இடது பைக்கா? பஸ்ஸில் யோசித்து ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கினேன். அம்மாவுக்கு யோசனையே இல்லை. ரத்தம் கொடுத்தவர்கள் அன்றைக்குக் கொஞ்சம் சோர்ந்துதான் இருப்பார்கள், படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்றாள். பத்து நாளில் சரியாகிவிட்டது. அதற்கு மறுநாள் டிஸ்சார்ஜ்.

போன மாதம் பம்பு கம்பெனியிடமிருந்து அறிக்கை வந்தது. இந்த ஆண்டு டிவிடெண்ட் இல்லை. ஒரு வரி. நான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாடகையில் பாதி அந்த ஒரு வரியில் போய்விட்டது. இப்போதாவது விற்றுவிடு என்றேன், கொஞ்சம் சத்தமாக. ஜுரத்தில் படுத்திருக்கிறவனிடம் காசு கேட்பாயா என்று அதைவிடச் சத்தமாகக் கேட்டாள். மறுநாள் காலையில் போனில் தரகரிடம் "ரத்தம் ஏத்தணும், இன்னும் இருநூறு பங்கு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. ஐந்து கம்பெனிகளை விற்ற பணமும் அப்படித்தான் அந்தப் பம்புக்குள் போயிருக்கிறது. கேட்டால் வார்டு விஷயம் வெளியில் பேசக் கூடாது என்கிறாள். கொடுத்தவர்கள் போய்விட்டார்கள். கொடுக்காதவர்கள் சுவரில் தொங்குகிறார்கள். இதுதான் மாமா நம்முடைய நீண்டகால வருமானம்.

ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். வந்து, கணக்கை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். அக்கா அழுவாள் என்று பார்க்காதீர்கள். அழ மாட்டாள், உங்கள் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பாள், அவ்வளவுதான். நான் பல்கலைக்கழகத்துக்கு 'வர இயலவில்லை' என்று எழுதிவிட்டேன். நாலு தடவை எழுதினேன். நாலாவதுதான் பரிதாபமாக இல்லாமல் வந்தது. இன்றைக்குத் தபாலில் சேர்க்க வேண்டும். வருத்தம் என்று சொல்ல முடியாது. படிவங்களில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கட்டம் கட்டமாக.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம், தலைக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. இது அம்மா சமையலறையிலிருந்து கத்திச் சொன்னது, அப்படியே எழுதியிருக்கிறேன். எங்கள் இருவரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் பிரியத்துக்குரிய,
மருமகள்

பி.கு.: மேலே உள்ளதை மறந்துவிடுங்கள். இதை எழுதுகிற தாளின் மறுபக்கத்தைப் பார்த்தால் புரியும். பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதம் அதுதான். தபால்தலை தேடி அம்மாவின் மேசையைத் திறந்தேன். பணம் கட்டிய ரசீது இருந்தது. படிப்பின் இரண்டு வருடத்துக்கும். திங்கட்கிழமையே கட்டியிருக்கிறாள். கூடத்துக்கு வந்து கேட்டேன். ரத்தமாகப் போனது சிமெண்டும் கேபிளும் மட்டும்தானாம். பெயிண்டும் சோப்பும் பிஸ்கட்டும் நான்தானாம். வாடகை, என்றேன். நாளையிலிருந்து தெருமுனை கிளினிக்கில் காலை டியூட்டி, பேசி முடித்தாகிவிட்டது என்றாள். சும்மா உட்கார்ந்து வாங்குகிற காசு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். தம்பி ஆசைப்பட்டான், சரி என்று ஒரு வருடம் இருந்து பார்த்தாளாம். சுவரைப் பார்த்தேன். பெயிண்ட் கம்பெனியின் காலி ஆணியில் ஒரு புது அட்டை. சேர்ந்த தேதி, என் பிறந்த தேதி.

"நல்லா இருக்கறவங்களப் பிடிச்சு வெச்சுக்கக் கூடாதுன்னு எத்தன தடவடி சொல்றது?"

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அவசியம் வாருங்கள். நான் இருக்க மாட்டேன். திங்கட்கிழமையிலிருந்து காலை விலையைக் குறிக்க ஆள் வேண்டும். நீல மை தீர்ந்துவிட்டது, வாங்கி வரவும்.

மணி மூன்றரை. தரகரைக் கூப்பிட்டுப் பம்பு கம்பெனியின் விலையைக் கேட்டு, சிவப்பில் குறித்தேன். இருமச் சொல்லிக் கேட்டேன். பிறகு பரணில் இருந்து பெட்டியை இறக்கினேன்.