ஒன்பதாம் நம்பர் பாஸ் கொடுக்க மாட்டாள்

"ஒன்பது! வலது பக்கம் ஆள் நிக்குது, பாஸ் குடு! ஒன்பது!"

ஒன்பதாம் நம்பர் கொடுக்கவில்லை. ஒருத்தியைத் தாண்டினாள். அடுத்து வந்தவளின் கால்களுக்கு நடுவே பந்தை உருட்டிவிட்டு, அந்தப் பக்கம் போய் எடுத்துக்கொண்டாள். மூன்றாவது ஆளைச் சுற்றி வந்தாள். வலது பக்கம், காலியான கோலுக்கு முன்னால் கையை ஆட்டி ஆட்டி அலுத்துப்போன நான்காம் நம்பர், சரி, இந்த நேரத்தில் ஷூ லேஸாவது கட்டலாம் என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கோட்டுக்கு வெளியே நின்ற கோச்சுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"அடியே பட்டாணீ! பாஸ் குடுடி!"

பெற்றோர் வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஒன்பது ஒரு நொடி திரும்பி அவரைப் பார்த்தாள். அந்த ஒரு நொடி போதாதா? எதிரணிக்காரி பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி கோல் போட்டாள்.

பட்டாணி அவருடைய சொந்த மகள். ஆனால் மைதானத்தில் அப்பாவும் கிடையாது, மகளும் கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் அவளை அணியில் சேர்த்தபோது, ஒரு குழந்தையின் அம்மா எல்லார் காதிலும் விழும்படி, "பெத்த பொண்ணுக்கு ஒரு நியாயம், மத்த புள்ளைங்களுக்கு ஒரு நியாயமா இருக்கப் போவுது" என்று சொல்லிவிட்டாள். ரோஷக்காரரான கோச் அன்றைக்கே சட்டம் போட்டார். இனிமேல் எல்லாருக்கும் நம்பர்தான். அவளும் அவரை "சார்" என்றுதான் கூப்பிட வேண்டும். ஏழு பேர் ஆடும் அந்தப் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணியில் அந்தச் சட்டத்தை எல்லாரும் ஒழுங்காக மதித்தார்கள். கோபம் வந்தால் மீறுகிற ஒரே ஆள், சட்டம் போட்டவர்தான்.

வாரநாட்களில் அவர் லிஃப்ட் மெக்கானிக். அவளுக்குச் செல்லமாகப் பட்டாணி என்று பெயர் வைத்த அம்மா இறந்து பதினொரு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு வீட்டில் இருவரும், பாதி வழியில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்ட முன்பின் தெரியாத ஆட்கள் மாதிரி இருந்தார்கள்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"ஹோம்வொர்க்?"

"ம்."

அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. அவர் சமையலறைக்குப் போய்விடுவார். அவள் வராண்டாவில் நாற்காலிகளை வரிசையாக வைத்து, அவற்றுக்கு நடுவே பந்தை வளைத்து வளைத்து ஓட்டுவாள். கதவிடுக்கு வழியாகப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பெருமையும் வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வந்தன. இந்தக் காலைக் கட்டிப் போடவும் மனசு வரவில்லை. அவிழ்த்துவிட்டால் மிச்ச ஆறு பேரும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

திங்கட்கிழமை விளையாட்டுச் சங்கத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். தலைவர் பல் டாக்டர். வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவர்களிடமே பேசிப் பழகியவர் என்பதால், யாரிடமும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. அன்றைக்கும் ஒரு நோயாளியின் கடைவாயைக் குடைந்துகொண்டேதான் பேசினார்.

"மூணு மேட்ச் பாக்கி. ஒண்ணாவது ஜெயிங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் உங்க அணி கிடையாது. மைதானத்தை டென்னிஸ்காரங்க கேக்கறாங்க."

"சார், அந்த ஒன்பது மட்டும் பாஸ் குடுத்தா..."

"தனித்திறமை வேணும். அதே நேரத்துல கூட்டாவும் ஆடணும். ரெண்டும் வேணும், புரியுதா?"

"அது எப்படி சார் பண்றது?"

"ஆங்... ஆங்..." என்றார் நோயாளி, ஏதோ யோசனை வைத்திருந்தவர் போல. டாக்டர் அவர் வாயில் பஞ்சை வைத்து அடைத்துவிட்டார்.

அணி போய்விட்டால் கோச்சுக்கு மிஞ்சுவது லிஃப்ட்டும் அந்த வீடும்தான். மகளோடு அவர் ஒரு நாளில் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கிற ஒரே இடம் மைதானம். அதை நினைத்தபோது அவருக்கு உள்ளுக்குள் நிஜமாகவே பயமாக இருந்தது. இரவெல்லாம் யோசித்து ஒரு விதியைக் கண்டுபிடித்தார்.

"இனிமே கோல் அடிக்கறதுக்கு முன்னாடி ஏழு பேர் காலும் பந்துல பட்டிருக்கணும். ஒரு கால் குறைஞ்சாலும் அது கோல் இல்ல."

"நானுமா சார்?" என்றாள் கோல்கீப்பர். அவளுக்குக் கையுறை என்று பட்டப்பெயர். எப்போதும் கையுறையைக் கழற்றமாட்டாள், பிஸ்கட்டைக்கூட அதோடுதான் தின்பாள். ஒன்பதாம் நம்பரின் உயிர்த்தோழி.

"ஏழு பேர்னா ஏழு பேர்தான்" என்றார் கோச், எண்ணிப் பார்க்காமல்.

அந்த வார மேட்ச்சில் பிள்ளைகள் விதியைச் சிரமேற்கொண்டு ஆடினார்கள். ஆறு கால் பட்டதும், ஏழாவது காலைக் கொண்டுவரக் கையுறை கோலைப் போட்டுவிட்டு மைதானத்தின் மறுகோடிவரை ஓடிவந்தாள். வந்து பார்த்தால், பந்து ஒன்பதிடம் இருந்தது. ஒன்பது கொடுத்தால்தானே? "எனக்கும் ஒரு வாட்டி குடுடி" என்று கையுறை கெஞ்சிக்கொண்டிருந்தபோது, எதிரணி காலி கோலில் நிதானமாகப் பந்தைப் போட்டுவிட்டுப் போனது. இப்படி ஆறு தடவை.

"பட்டாணீ! உனக்குக் காது கேக்காதா?" என்று கோச் கத்தியதும் ஆறு தடவை.

நடுவில் ஒரு நாள் லிஃப்ட் வேலை இழுத்துக்கொண்டதால் பயிற்சிக்குத் தாமதமாக வந்தார். கேட்டிலிருந்து பார்த்தபோது, ஒன்பது அழகாக, அளவெடுத்தாற்போலப் பாஸ் கொடுத்துக்கொண்டிருப்பது மாதிரி தெரிந்தது. வேகமாக உள்ளே வந்தார். அவரைக் கண்டதும் பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டார்.

பல் டாக்டர் அடுத்த யோசனையைத் தொலைபேசியில் சொன்னார். பின்னால் யாரோ முனகுவது கேட்டது.

"நீங்க ரொம்பக் கத்தறீங்க. கத்தக் கத்தப் பிடிவாதம்தான் கூடும். ஒரு மேட்ச் வாயே திறக்காதீங்க. அந்தப் பொண்ணு இருக்கறதையே மறந்துடுங்க."

கோச் விசிலைப் பற்களுக்கு நடுவே கவ்விக்கொண்டு, அந்த மேட்ச் முழுக்க வாய் திறப்பதில்லை என்று நின்றார். முதல் ஐந்து நிமிடம் ஒன்பது வழக்கம்போல ஆடினாள். அப்புறம் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். அவர் மேகத்தைப் பார்த்தார். அவள் பந்தோடு அவர் நிற்கும் கோட்டுக்கே வந்து, அவர் மூக்குக்கு முன்னால் இரண்டு பேரை வளைத்துத் தாண்டினாள். அவர் விசிலைக் கடித்தார். பிறகு அவள் எதிரணி கோல்கீப்பரையும் தாண்டினாள். முன்னால் வெறும் கோல். தட்டிவிட வேண்டியதுதான் பாக்கி. தட்டவில்லை. பந்தைத் திருப்பிக்கொண்டு, தாண்டி வந்த எல்லாரையும் மறுபடியும் தாண்டி, நடுக்கோட்டுக்கே திரும்பி வந்தாள்!

விசில் தெறித்து விழுந்தது.

"பட்டாணீ! உன்னை என்னடி பண்றது!"

அவள் நின்றுவிட்டாள். முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்துபோனது. திமிர், சுத்தத் திமிர் என்று எடுத்துக்கொண்டார் கோச். பந்தை எதிரணி கொண்டுபோனது. அந்த மேட்ச்சும் போயிற்று.

கடைசி மேட்ச்சுக்கு முந்தின நாள், வீட்டில் தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார். "நாளைக்கு நீ பெஞ்சுல உட்காரு."

"ம்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது, வராண்டா நாற்காலிகளெல்லாம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி, இருந்த இடத்தில் இருந்தன. மேசைக்கு நான்கு நாற்காலிகள், வீட்டில் இரண்டு பேர். அவருக்கு என்னவோ போல் இருந்தது. ஆனாலும் முடிவை மாற்றவில்லை.

ஒன்பது இல்லாமல் ஆறு பேராக இறங்கிய அணி முதலில் திருவிழாவில் தொலைந்த கும்பல் மாதிரி முழித்தது. பந்து வந்தால் யாருக்கும் தனியாக வைத்துக்கொள்ளத் தைரியமில்லை. பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்தார்கள். அவளும் பயந்துபோய் அடுத்தவளுக்குக் கொடுத்தாள். பயந்து பயந்தே பந்து ஐந்து கால் தாண்டி எதிர்க் கோல் பக்கம் வந்துவிட்டது. அங்கே நான்காம் நம்பர் அன்றைக்கு லேஸைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஓர் உதை விட்டாள்.

கோல்!

கோச் துள்ளிக் குதித்தார். மிச்ச நேரமெல்லாம் "நாலு, சபாஷ்! ரெண்டு, அப்படித்தான்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பெஞ்ச் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. ஒன்று-பூஜ்யம். அணி பிழைத்தது. பல் டாக்டர் தன் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிக் கை குலுக்கினார்.

"பாத்தீங்களா? ஒரு ஆளை உட்கார வெச்சதும் ஆறு பேர் எழுந்துட்டாங்க. அடுத்த வருஷமும் இதே மாதிரி கொண்டு போங்க."

கூட்டம் கலைந்தது. ஒன்பது தனியாக மைதானத்தைச் சுற்றி, எல்லைக்கு வைத்த பிளாஸ்டிக் கூம்புகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள். ஜெர்ஸியில் ஒரு துளி மண் இல்லை.

"கூம்பு பதினாறும் இருக்கு, சார்."

"சரி ஒன்பது. வண்டில வை."

தலையாட்டிவிட்டுப் போனாள். கூம்புகளின் உயரத்துக்கு அவள் முகம் தெரியவில்லை. ஜெயித்த சந்தோஷம் ஏன் வயிற்றுக்குள் இறங்கமாட்டேன் என்கிறது என்று கோச்சுக்குப் புரியவில்லை. பக்கத்தில் கையுறை, வலையின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"பாஸ் குடுத்தா என்ன குறைஞ்சுடப் போகுது? அவ்வளவு திறமையை வெச்சுக்கிட்டு, ஒரு பாஸ் குடுக்கத் தெரியலையே அவளுக்கு!"

கையுறை வலையிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்:

"அதெல்லாம் நல்லாத் தெரியும் சார், நீங்க இல்லாதப்போ எனக்கு எத்தனை குடுத்திருக்கா; நீங்க இருக்கும்போது பாஸ் குடுத்துட்டா, அப்புறம் பட்டாணின்னு கூப்பிட அவளுக்கு யாருமே இல்லையாம்."