அய்யனாரின் இரண்டு கால்கள் பற்றிய உடன்படிக்கை

நிலக்கரிக்காக நெய்வேலியில் பூமியைத் தோண்டியவர்கள், பூமிக்கு மேலே மனிதன் எவ்வளவு உயரம் எழும்புவான் என்பதையும் கண்டறிய விரும்பினார்கள். ஆகவே 1963-ம் வருஷத்து விளையாட்டு விழாவில் கோலூன்றித் தாண்டும் போட்டி சேர்க்கப்பட்டது. ஜெயிக்கிறவர் காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தால் அவரைப் பர்மனென்ட் ஆக்குவதாகச் சுற்றறிக்கை சொன்னது. காண்ட்ராக்ட் தொழிலாளி எவனும் ஜெயிக்கமாட்டான் என்ற திடமான நம்பிக்கையில் எழுதப்பட்ட சுற்றறிக்கை அது.

அய்யனார் அந்த நம்பிக்கையைக் கெடுத்தான். காடாம்புலியூர்க்காரன். சுரங்கத்தில் பம்பு பம்பாகப் போய்த் தண்ணீர் மட்டம் பார்த்து வந்து சொல்வது அவன் வேலை. வழியெல்லாம் வடிகால் வாய்க்கால். பாலம் போடுவது நான்கு வருஷமாகப் பரிசீலனையில் இருந்தது. அதுவரை அவன் ஒரு மூங்கில் கொம்பை ஊன்றி, வெறுங்காலோடு வாய்க்கால்களைத் தாண்டிக்கொண்டிருந்தான். பயிற்சியன்று பதினோரு அடியைத் தாண்டிவிட்டான். அவன் பெண்டாட்டி சாமியம்மாள் அன்று சாயந்திரமே, குவார்ட்டர்ஸில் குழாய் வீட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பிளாக் பிளாக்காக விசாரித்துவிட்டு வந்தாள்.

விளையாட்டு அதிகாரி சங்கரலிங்கம் விண்ணப்பத்தை எடுத்துவைத்துக்கொண்டு அவனைக் கூப்பிட்டார்.

“எந்த பூட்ஸ் போட்டுத் தாண்டுவே?”

“பூட்ஸ் இல்லீங்க. வெறுங்கால்ல தாண்டறதுதாங்க.”

“ஃபாரத்துல பாதரட்சை வகைன்னு ஒரு கட்டம் இருக்கே. அடியில ஆணி வெச்சதா, தட்டையா?”

“இன்னாவா இருந்தாலும் எழுதிக்குங்க.”

“நானா எப்படி எழுதறது? மேலே முடிவாகி வரணும்.”

கோப்பு மேலே போயிற்று. ஆணி பூட்ஸ் தரையைத் துளைக்கும். டவுன்ஷிப் எல்லைக்குள் முன் அனுமதியின்றித் தரையைத் துளைத்தல் குற்றம் என்று பாதுகாப்புப் பிரிவு எழுதியது. தட்டை பூட்ஸ் பர்மனென்ட் ஆட்களுக்கு மட்டுமே என்று ஸ்டோர்ஸ் எழுதியது. ஆக, பூட்ஸ் கிடைக்க அய்யனார் பர்மனென்ட் ஆகவேண்டும். பர்மனென்ட் ஆக ஜெயிக்கவேண்டும். ஜெயிக்க பூட்ஸ் வேண்டும். இதில் முரண்பாடு எதுவும் காணப்படவில்லை என்று சட்டப் பிரிவு கையெழுத்துப் போட்டது.

இந்தக் கட்டத்தில்தான் நான் தலைவனாக இருக்கும் தொழிற்சங்கம் தலையிட்டது. நிர்வாகம் தட்டைப் பக்கம் சாய்வதாகத் தகவல் வந்தது. அன்றே, “ஆணியே உழைப்பாளியின் உரிமை” என்று நானே எழுதி நோட்டீஸ் அடித்தேன். நாங்கள் ஆணி என்றதால் எதிர்ச் சங்கத்துப் பழனிவேல் தட்டை என்றான். இரண்டு கேட் மீட்டிங்குகள், ஒரு கல்வீச்சு. பிறகு அய்யனார் என்னைத் தேடி வந்தான்.

“அண்ணே, வெறுங்கால்னு எழுதிக்கச் சொல்லுங்க. அது போதும்.”

“வெறுங்கால் அடிமைச் சின்னம், தம்பி. அதை ஒழிக்கத்தான் இருபது வருஷமா நான் ஜெயிலுக்குப் போய்ப் போய் வர்றேன்.”

“நீங்க ஒழிக்கிற வரைக்கும் நான் எப்பிடிண்ணே தாண்டறது?”

“நீ ஒருத்தன் தாண்டறது பெரிசில்லே. வர்க்கமே தாண்டணும்.”

முத்தரப்புப் பேச்சுவார்த்தை மூன்று நாள் நடந்து, வரலாற்றுச் சிறப்புமிக்க உடன்படிக்கை ஏற்பட்டது. போட்டியிடுவோர் அனைவரும் இடது காலில் ஆணியும் வலது காலில் தட்டையும் அணியவேண்டும். அப்படி அணிந்து ஓடுகிறவர்கள் விழுந்து அடிபடலாம் என்பதால் குறுக்குக் கம்பியின் உயரம் இரண்டு அடி. பூட்ஸ் ஸ்டோர்ஸிலிருந்து இரவலாகத் தரப்படும். வெற்றி எங்களுக்கே என்று நாங்கள் வெடி வெடித்தோம். பழனிவேல் ஆட்களும் வெடித்தார்கள். இரவல் கொடுத்த மகிழ்ச்சியில் நிர்வாகம் லட்டு கொடுத்தது.

போட்டி நாள் வந்தது. அய்யனார் உடன்படிக்கையைக் காலில் மாட்டிக்கொண்டு நாலு எட்டு ஓடினான், விழுந்தான். எழுந்து உட்கார்ந்து இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தான். மூங்கிலை எடுத்துக்கொண்டு ஓடிவந்து ஊன்றினான். இரண்டு அடியில் இருந்த கம்பியைப் பதினோரு அடி உயரத்தில் கடந்து போனான்.

சங்கரலிங்கம் கம்பியை அளந்து எழுதிக்கொண்டார்: “உயரம் இரண்டு அடி. பாதரட்சை இல்லை. தகுதி நீக்கம்.”

அடுத்து வந்தவர் ஸ்டோர்ஸ் குமாஸ்தா சின்னதுரை. உடன்படிக்கைப்படி இரண்டு பூட்ஸும் போட்டிருந்தார். கொம்பைக் கைத்தடியாகப் பிடித்துக்கொண்டு, வேட்டியைத் தூக்கி, வாசற்படி தாண்டுவதுபோல் கம்பியைத் தாண்டினார். முதல் பரிசு. அவர் ஏற்கெனவே பர்மனென்ட் ஆனதால், புதிதாக யாரையும் பர்மனென்ட் ஆக்கும் அவசியம் எழவில்லை.

அன்று மாலை எங்கள் வெற்றி விழா. பழனிவேல் கொடியைவிட நம் கொடி ஒரு அடியாவது உயரமாகப் பறக்கவேண்டும் என்று தோழர்கள் சொன்னார்கள். மைதானத்தில் ஒரு நல்ல மூங்கில் கிடந்தது.

மூன்றாம் நாள் அய்யனார் எங்கள் கொடி பறந்த கேட்டுக்கு வந்தான்.

“அண்ணே, என் கொம்பக் குடுத்துடுங்க. வாய்க்காலச் சுத்திகினு போனா நேரமாவுது. ரெண்டு நாளா கங்காணி ஆப்சென்ட் போட்டுட்டான்.”

“ஏத்தின கொடியை இறக்கற வழக்கம் நம்ம சங்கத்துல இல்லே, தம்பி.”

“எப்பவுமே எறக்கமாட்டீங்களா?”

“தலைவர் யாராவது காலமானா அரைக்கம்பத்துக்கு இறக்குவோம்.”

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு கொடியை அண்ணாந்து பார்த்தான்.

“பதினோரு அடி இருக்கும்ண்ணே,” என்று சொல்லிவிட்டு, சுற்றுவழியில் நடந்து போனான்.

சனிக்கிழமை அவனை நிறுத்திவிட்டார்கள். சங்கம் சும்மா இருக்கவில்லை. அய்யனாரை உடனே வேலைக்கு எடு, ஆணி வைத்த பூட்ஸும் கொடு என்று பெரிய எழுத்தில் தட்டி எழுதியிருக்கிறோம். எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று கொடிக்கம்பத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.