கனவுத் தலைவரின் முன்கூட்டிய நன்றி

நடக்காத காரியத்துக்கு முதலில் நன்றி சொல்லி, அப்புறம் அதை நடக்கவைத்த தலைவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். சைக்கிள் கடைக்காரர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கனவுத் தலைவர் என்று எழுதினால் தபால்கூட வந்து சேரும்.

கூட்டம் போட மாட்டார், அதட்ட மாட்டார். காலையில் பாதித் தூக்கக் கண்ணோடு நம் வாசலில் வந்து நிற்பார், அவ்வளவுதான்.

டீக்கடை மாஸ்டர் சக்கையைக் கால்வாயில் கொட்டுகிறவர். ஒருநாள் தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மாஸ்டர், நேத்து கனவுல நீ குப்பையத் தொட்டில போட்டுக்கினு இருந்தபா. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. ரொம்ப தேங்ஸ்" என்றார். மாஸ்டர் அன்றைக்கே தொட்டி வாங்கினார். எரியாத தெருவிளக்குக்காகத் தலைவர் கவுன்சிலருக்கு முன்கூட்டியே சால்வை போர்த்தினார். போர்த்திய சால்வையைத் திருப்பித் தர முடியாமல் கவுன்சிலர் விளக்கை மாட்டினார்.

எனக்கும் ஒரு கனவு வந்து சேர்ந்தது. மழை பெய்தால் தெருக்கோடியில் நீர் தேங்கி, நெசவு செய்யும் முருகேசன் வீட்டுத் தறிக்குழி நிரம்பிவிடும். தறியில் பூட்டிய பாவு நூல் நனைந்தால் மாதக்கணக்கான உழைப்பு போச்சு. என் வீட்டுச் சந்து வழியாகக் கால்வாய் வெட்டினால் நீர் வடிந்துவிடும். ஆனால் சந்தில் நான் அப்போதுதான் டைல்ஸ் போட்டிருந்தேன்.

"கனவுல உன் சந்துல தண்ணி ஜோரா ஓடிக்கினு இருந்துச்சுபா. தேங்ஸ்."

"என் கனவுல டைல்ஸ்தான் இருக்குது, தலைவரே" என்று கதவைச் சாத்தினேன்.

மனிதர் விடவில்லை. தினமும் ஒரு தவணை. ஒருநாள் அந்தத் தண்ணீரில் மீன் போனது. மறுநாள் காகிதக் கப்பல். "முருகேசன் பொண்ணு உட்ட கப்பல்பா. உன் வீட்டாண்ட வந்து நின்னுடுச்சு. நீதான் குனிஞ்சு தள்ளிவுட்ட."

அன்று மதியம் கண்ணயர்ந்தேன். சந்தில் தண்ணீர், பட்டு நூல் நிறத்தில், சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. டைல்ஸ் ஒன்றுகூட இல்லை. எனக்கு வருத்தமும் இல்லை. விழித்ததும் என்மேலேயே வெட்கமாக இருந்தது. நானே போய்க் கடப்பாரை வாங்கி வந்தேன். அந்த வருட மழையில் முருகேசனின் பாவு நனையவில்லை.

போன வருடம் தலைவர் வாலாஜாபாத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். புதுத் தலைவர் வாட்ஸ்அப்பில் தினமும் ஆணை போடுகிறார். கட்டைவிரலைத் தவிர யாரும் எதையும் தூக்குவதில்லை. கால்வாயில் டீச் சக்கை மறுபடி மிதக்கிறது. அவர் இல்லாத தெரு எனக்குப் பிடிக்கவில்லை.

நேற்று மழை. சந்தில் நீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே அவருக்குப் போன் செய்தேன்.

"தலைவரே, கனவுல நீங்க திரும்பி வந்துட்டீங்க. கடையத் தொறந்து பஞ்சர் ஒட்டிக்கினு இருந்தீங்க."

அவர் வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டேன்.

"ரொம்ப தேங்ஸ், தலைவரே" என்றேன்.