வெர்லின் பெல்ட் மாட்டியது

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வெர்லின் ஹஃபேக்கர் வீட்டுப் புல்வெளி, பாதி மழித்ததும் நாவிதர் எழுந்து போய்விட்ட தலையைப் போல் கிடந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவர் ஏறி உட்கார்ந்து புல் வெட்டும் வண்டி, நட்டநடுவில் 'பட்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, சக்கரம் நகரவில்லை. குனிந்து பார்த்தார். அறுந்த பெல்ட் அடியில் கறுப்பாகத் தொங்கியது.

சமையலறை ஜன்னலில் மனைவி லொரீனின் தலை தெரிந்தது.

"ஏங்க, மெக்கானிக்கைக் கூப்பிடவா?"

"மெக்கானிக்கா? முப்பத்தொரு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவன் நான்!"

"ஓட்டினீங்க. ரிப்பேர் பார்த்தது டிப்போக்காரங்க."

"ஒரு பெல்ட் மாட்டத் தெரியாதா எனக்கு?"

"இடுப்புல மாட்டறதுலயே ரெண்டு லூப்பை விட்டுடறீங்க."

வெர்லினுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ரோஷத்துக்குக் காரணமும் இருந்தது. போன குளிர்காலத்தில் அவருக்கு இதய ஆபரேஷன் ஆனது. அதிலிருந்து பனி தள்ளக் கூடாது, ஏணி ஏறக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது இந்த வண்டிதான். இதுவும் போனால் இண்டியானா மாநிலம் முழுவதிலும் அவருக்கென்று ஒரு சாய்வு நாற்காலிதான்.

புது பெல்ட் வாங்கினார். அதோடு பெல்ட் சுற்றி ஓட இரண்டு புல்லிகள், ஒன்று பள்ளம் வைத்தது, இன்னொன்று தட்டை. எது எங்கே என்று காட்டும் படம் ஒன்று பெட்டிக்குள் இருந்தது. அதைப் பார்த்தால் யாருடைய குடலையோ உருவிப் போட்ட மாதிரி இருந்தது. வெர்லின் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தன் அறிவை நம்பி வண்டிக்கு அடியில் போனார்.

முதல் தடவை, ஸ்டார்ட் செய்ததுமே பெல்ட் கழன்று ஓடியது. இரண்டாம் தடவை கிறீச்சென்று கத்தியது. மூன்றாம் தடவை வண்டி ஒரு முழம் நகர்ந்தது, பிறகு புகைந்தது.

"ஏங்க, மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கேயே ஏதாவது சுடறீங்களா?" என்றாள் லொரீன்.

வியாழக்கிழமை லொரீன் சர்ச்சில் போர்வை தைக்கப் போனதும், வெர்லின் பூனை மாதிரி வேலியோரம் நடந்து பக்கத்து வீட்டு டெல்பர்ட்டைப் பிடித்தார்.

"டெல்பர்ட், அவ வர்றதுக்குள்ள இதை முடிச்சுக் கொடுய்யா. யாருக்கும் தெரியக் கூடாது."

"முடிச்சுடலாம். ஆனா நீ நிக்காதே. எவனாவது பார்த்துக்கிட்டிருந்தா எனக்குக் கை ஓடாது. கடைக்குப் போய் செர்ரிப் பழம் வச்ச பலகாரம் ஒண்ணு வாங்கிட்டு வா. மெதுவா வா."

வெர்லின் மெதுவாகவே போனார், மெதுவாகவே வந்தார். இரண்டு மணி நேரம் கழித்து வண்டி வெண்ணெயில் கத்தி போவது போல் ஓடியது. டெல்பர்ட் பலகாரத்தை வாங்கிக்கொண்டு கண்ணைப் பார்க்காமல் நழுவினான். வெர்லின் கொஞ்சம் கிரீஸை எடுத்துக் கன்னத்தில் பூசிக்கொண்டு காத்திருந்தார்.

லொரீன் வந்தாள். வண்டியைப் பார்த்தாள். மார்பில் கை வைத்தாள்.

"அடேயப்பா! தனியாவா செஞ்சீங்க?"

"பின்னே? கொஞ்சம் மூளை வேணும், அவ்வளவுதான்."

"தட்டைப் புல்லி எந்தப் பக்கம் வந்துச்சு?"

"அது... எந்தப் பக்கம் வரணுமோ அந்தப் பக்கம்."

"சமர்த்து! சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பாஸ்டர் வண்டி, என்கூடத் தைக்கிற க்ளெட்டா வண்டி, அவ தம்பி வண்டி, மூணுலயும் பெல்ட் தகராறாம். சனிக்கிழமை காலையில கொண்டுவர்றாங்க. நீங்கதான் மாட்டித் தரணும்."

வெர்லினின் கன்னத்துக் கிரீஸ் வியர்வையில் வழிந்தது. ஒரு நிமிஷம் தாங்கினார். அதற்கு மேல் முடியவில்லை.

"லொரீன், பெல்ட்டை நான் மாட்டலை. மாட்டிக்கிட்டதுதான் நான். செஞ்சது டெல்பர்ட்."

"டெல்பர்ட்டா? பாதித் தையல்ல எனக்குப் போன் பண்ணினான் பாவம். 'லொரீன், தெரியும்னு வாய் விட்டுட்டேன், எது எங்கே போகுதுன்னே தெரியலை, ஓடி வா'ன்னு. நான் வந்து மாட்டிட்டுத் திரும்பப் போனேன்."

"நீயா? உனக்கு எப்படி...?"

"எங்கப்பா டிராக்டர் பட்டறையில பதினெட்டு வயசு வரைக்கும் நான் காபி போட்டுக்கிட்டிருந்தேன்னா நினைச்சீங்க?"

"நாற்பது வருஷமாச் சொல்லவே இல்லையே!"

"நாற்பது வருஷமா நீங்க கேக்கவே இல்லையே." பிறகு தையல் வேலைக்குக் கட்டியிருந்த ஏப்ரனின் நுனியால் அவர் கன்னத்தைத் துடைத்தாள். "ஓட்டறது என்னிக்கும் நீங்கதான். மிச்சப் புல்லைப் போய் வெட்டுங்க."

சனிக்கிழமை மூன்று வண்டிகளும் வந்தன. லொரீன் முதல் வண்டிக்கு அடியில் படுத்தாள். வெர்லின் பக்கத்தில் ஸ்பேனர் பெட்டியோடு நின்றார்.

பாஸ்டர் தயங்கினார். "வெர்லின், நீங்கதான் கைகாரர்னு சொன்னாங்க?"

அடியிலிருந்து லொரீனின் குரல் வந்தது. "அவர்தான் பாஸ்டர்! குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அவர் சொல்லச் சொல்ல நான் செய்யறேன்."

வெர்லினின் மார்பு ஒரு அங்குலம் விரிந்தது.

"ஏங்க, அந்த அரை இஞ்ச் ஸ்பேனரைக் கொடுங்க."

வெர்லின் கம்பீரமாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கிரீஸ் படிந்த கை ஒன்று வண்டிக்கு அடியிலிருந்து நீண்டு, அதை அப்படியே திருப்பிக் கொடுத்தது.

"இது குறடுங்க."