குரல்: தெருச் சத்தம்

புதுச்சேரியில் எங்கள் தெருக் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பது தண்ணீருக்கே தெரியாது. இனியவன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். விடியற்காலையில் குழாய் சீறியதும், "தண்ணி வந்துடுச்சு, ஓடியா ஓடியா!" என்று ஒரு குரல் கொடுப்பாள். தெருவே குடத்தோடு எழுந்திருக்கும்.

அதை மாடியில் குடியிருக்கும் தமிழ்மாறன் போனில் பிடித்து, அடியில் டும்டும் என்று அடிக்கவிட்டு, ஹவுஸ் மியூசிக் என்கிற ஆட்டப் பாட்டாக ஆக்கிவிட்டான். வீட்டில் வைத்துக் கேட்க முடியாததால் அந்தப் பெயர் போலிருக்கிறது. இப்போது ரெஸ்டோபார்களில் தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் குடிப்பவர்கள் அதற்குத்தான் ஆடுகிறார்கள். பாட்டுக்குக் கீழே போட்டிருந்தது: 'இசை: டிஜே மாறன். குரல்: தெருச் சத்தம்.'

இனியவன் அம்மா மாடி ஏறிப் போய்க் கேட்டாள். "காசு வேணாம் தம்பி. எம்பேரப் போடு. சேதராப்பட்டு கம்பெனியில எம்புள்ள 'எங்கம்மா கொரலு'ன்னு சொன்னா சிரிக்கறானுங்களாம்."

"கலை ஆபீஸ்ல உங்க கொரல்னு எழுதி வாங்கிட்டு வாங்கக்கா, போட்டுடறேன்."

அந்த ஆபீஸில் குரல் அங்கீகாரப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அலுவலர் எழிலரசன் பாட்டைக் கேட்டார். அவளைக் கத்தச் சொல்லியும் கேட்டார்.

"கொரல் ஒத்துப்போவுது. ஆனா பாட்டுல டும்டும் இருக்கு. உங்க தொண்டையில இல்லியே?"

"அது மிஷின்ல போட்டது சார்."

"அப்ப மிஷினும் விண்ணப்பிக்கணும்." பிறகு மனமிரங்கி, "சரி, சாட்சி கொண்டாங்க" என்றார்.

தெருவே கிளம்பிப் போனோம், பதினேழு பேர். முதலில் ஒரு வெற்றுத் தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். "தினம் எங்கள எழுப்பற கொரல் சார்!" என்று ஆளாளுக்குச் சத்தியம் செய்தோம்.

"நல்லது. மேற்படி குரலுக்கு உரியவர் பெயர்?"

"இனியவன் அம்மா" என்றார் எதிர்வீட்டு வடிவேல்.

"நான் பையன் பேரக் கேக்கல."

வடிவேல் என்னைப் பார்த்தார். நான் பக்கத்து வீட்டுப் பூர்ணிமாவைப் பார்த்தேன். பூர்ணிமா மின்விசிறியைப் பார்த்தாள். இனியவன் அம்மாவோடு இருபது வருஷப் பழக்கம் எங்களுக்கு. அவளே சொல்ல வாயெடுத்தாள்.

"மனுதாரர் சாட்சிக்குச் சொல்லித் தரக் கூடாது" என்று எழிலரசன் தடுத்துவிட்டார்.

பத்தாம் நாள் ஆணை வந்தது. 'பெயர் நிறுவப்படாமையாலும், மேற்படி குரலுக்காகத் தெருவே நேரில் ஆஜரானமையாலும், அக்குரல் தெருவினுடையதே என இதனால் உறுதி செய்யப்படுகிறது.' கீழே எங்கள் பதினேழு கையெழுத்து.

மறுநாள் நாங்கள் எழுந்தபோது வெயில் ஏறியிருந்தது. குழாயில் வெறும் காத்துதான் வந்தது. அவள் வாசலில் மட்டும் நாலு குடம் ததும்பி நின்றது.

"ஏம்மா, ஒரு கொரல் குடுத்தா கொறஞ்சா போயிடுவ?" என்றேன்.

"எங்கொரலா?" ஒரு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "தெருவோட கொரல்னுதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க? தெருவயே கத்தச் சொல்லு."